தறவாட்டில் தந்தைக்கு இடமில்லையா? ‘மருமக்கள்வழி மான்மிய’மும் இராஜாக்கமங்கலம் வட்டாரக் குடும்ப வரலாறும்

சொத்து மருமகனுக்குச் சேரும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பங்களில் தந்தைவழியைத் தேடுவது வீண்வேலை என்ற கருத்து ஏறக்குறைய முடிந்த முடிவாகவே நிலைத்துவிட்டது. காரணவர் (குடும்பத் தலைவரான தாய்மாமன்), அவருடைய சகோதரிகள், அனந்தரவர்கள் (மருமக்கள்) என்று கொடிவழி எழுதிவிடலாம். தந்தை இரவில் வந்து காலையில் போனவர், அவர் பேச்சு ஆவணத்தில் இராது என்பார்கள். இதற்கு முதற்சாட்சியாக நிறுத்தப்படுவது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. குடும்ப வரலாறு தேடுவோருக்கான பேச்சரங்குகளிலும் அந்நூலைப் படிக்கச் சொல்வது உண்டு. அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால், இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் குடும்ப வரலாறு எழுத முனைவோர் அதிலிருந்து இந்த முடிவை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதே என் வாதம்.

மான்மியம் 1917–18இல் ‘தமிழன்’ இதழில் வந்தது, நூலானது 1942இல். இவ்விரண்டுக்கும் நடுவே, 1926இல், திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி மருமக்கள்வழி உரிமைக்கு முடிவுகட்டியது. எனவே இதழில் வந்த காலத்தில் அது ஒரு கிளர்ச்சியின் குரல். நூலாகக் கைக்கு வந்தபோது தீர்ந்துபோன வழக்கின் நினைவு. முந்தைய ஆய்வாளர்கள் இரண்டாவது வடிவத்தைப் படித்துவிட்டு, முதலாவதன் நோக்கத்தை மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

நூலில் பேசுபவர் யார்? பஞ்சகல்யாணிப் பிள்ளையின் ஐந்தாம் மனைவி. மாமியின் அரசாட்சி, சக்களத்திகளின் சண்டை, மருமகனின் செல்வாக்கு, தன் பிள்ளைகளின் வறுமை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி நியாயம் கேட்கிறாள். அவள் வாதி. வாதி கிடைக்காததைச் சொல்வாள். தனக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். அவள் வாக்குமூலத்தை ஊர்ச் சொத்துக் கணக்காகப் படிப்பது முறையல்ல. இதனால் அவள் சொல்வது பொய்யாகிவிடாது. அது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியல்ல என்று பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அவள் சொல்லாமல் விடும் பின்னணியில் இரண்டு உரிமைகள் உண்டு. தந்தையின் சொத்திலிருந்து மக்களுக்குச் சேரும் பங்கு உகந்துடைமை. அதற்கு உச்சவரம்பு நாலில் ஒன்று. கைம்பெண்ணுக்கும் தீர்த்துவிடப்பட்ட மனைவிக்கும் கணவன் சொத்தில் உள்ள உரிமை நங்குடைமை. இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டனின் 1909இல் வெளிவந்த தொகுதிகளிலேயே இவை பதிவாகியுள்ளன. அயல் மலையாள நாட்டு மருமக்கத்தாயத்திலிருந்து நாஞ்சில் நாட்டு முறை விலகி நின்றதும் இங்கேதான்: மகனை அடியோடு விலக்கிவிட முடியாது. மான்மியத்தின் கண்ணீர் இந்தப் பங்கு இல்லாததால் வந்ததல்ல. அது போதாததாலும் கைக்கு வந்து சேராததாலும் வந்தது என்று படிக்க நிறைய இடமிருக்கிறது.

குடும்ப வரலாற்றுக்கு இதன் விளைவு பெரிது. உகந்துடைமை கேட்பவர் தாம் இன்னாருக்கு மகன் என்று நிறுவியாக வேண்டும். கொடுக்கும் தறவாடும் (தாய்வழிக் கூட்டுக் குடும்பமும்) ‘பற்றி முடிந்தது’ என்று எழுதி வாங்காமல் விடாது. ஆக, ஒரு திருமணம் இரண்டு தறவாடுகளில் தாள் சேர்த்தது. மக்கள்வழிக் குடும்பத்தில் தகராறு இல்லாத தகப்பனைப் பற்றி எழுத எவருக்கும் அவசியம் நேர்ந்ததில்லை, மருமக்கள்வழியில் நேர்ந்தது. மருமக்கள்வழிக் குடும்பத்தின் தந்தைவழியே கூடுதலாக ஆவணப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று நான் கருதுவது இதனால்தான்.

மான்மியமே இதற்கு வழிகாட்டுகிறது. அதன் ஒரு பகுதி ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’; கோடு என்பது கோர்ட்டு. இதை வீண் வழக்கு பற்றிய கேலியாக மட்டும் படித்து நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆவணக் காப்பகத்தின் வாசலாகப் படுகிறது. 1811இல் திருவிதாங்கூர் திவான் மன்றோ அமைத்த ஜில்லா கோர்ட்டுகளில் பத்மநாபபுரத்துக் கோர்ட்டும் ஒன்று. குடிமுடித்த வழக்கு ஒவ்வொன்றிலும் வாதியின் தாய், தகப்பன், மாமன் பெயர்கள் எழுதப்பட்டாக வேண்டும். குடும்பம் அழிந்த இடத்தில் அதன் வரலாறு எழுத்தில் ஏறியிருக்கிறது.

1926க்குப் பின் எழுதப்பட்ட பாகப் பத்திரம் இதனினும் வளமானது. கொல்லம் ஆண்டு, மாதம், தேதி; பகுதி, தேசம், வீட்டுப் பெயர்; அதன் பிறகு பங்காளிகள் வரிசை எண்ணுடன். அங்கே ‘இன்னார் அனந்தரவன்’ என்று கண்டால் அவர் மருமகன். மகனாக எழுதிக்கொண்டால் மரம் முழுவதும் தவறான கிளைக்குச் சாய்ந்துவிடும். பெயருக்கு முன் நிற்கும் எழுத்தும் மாமனுடையதாகவோ வீட்டினுடையதாகவோ இருக்கக்கூடும். மைனருக்காகக் கையொப்பம் இடுபவர் தாயா, மாமனா, தந்தையா என்பதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். தேதியிலும் கவனம் தேவை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். வேளாளர் சட்டம் 1101ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம். ஆனால் 1101 ஆவணியில் எழுதிய பத்திரம் 1925ஐச் சேர்ந்தது, சட்டத்துக்கு முந்தியது. ஆண்டு ஒன்றுதானே என்று அதைப் புதிய சட்டத்தின்கீழ் வைத்துப் படித்தால் உகந்துடைமை மகனின் பிறப்புரிமைப் பங்காகத் தோன்றிவிடும்.

இதெல்லாம் நிலமுள்ளவர் கதை என்ற மறுப்பு நியாயமானது. இராஜாக்கமங்கலத்தில் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் அப்பால் துறை இருக்கிறது. அங்குள்ள மீனவர் குடும்பங்களைப் பற்றி மான்மியத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே முதல் ஆவணம். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்திய நிர்வாகத் தாள்களைத் தேடுபவர் கொல்லத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருப்பதால் ஒரு வரியில் இரண்டு குடும்பங்கள் சந்திக்கின்றன. 1855 வரை அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களை அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் போன்றவற்றில், விற்றவர் வாங்கியவர் பெயர்களுக்கு இடையே தேட வேண்டியிருக்கிறது. ஆவணம் குறைவு என்பதும் ஆவணமே இல்லை என்பதும் ஒன்றல்ல.

மான்மியம் அங்கத நூல், அதை ஆதாரமாகவே எடுக்கக்கூடாது என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மிகைப்படுத்துவதற்கும் நடப்பில் ஒன்று இருந்தாக வேண்டும். பாட்டிமார் நினைவே போதும் என்பவர்களும் உண்டு. நினைவு வீட்டுப் பெயரைத் தரும். சர்வே எண்ணைத் தராது.

எனவே தேடும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துப் பாகப் பத்திரம்; கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குக் கையால் தேட மனுப்போட வேண்டும். அடுத்து, 1883 முதல் 1911 வரை நடந்த திருவிதாங்கூர் நிலவரித்திட்டப் பதிவேடுகள். பிறகு கோர்ட்டுத் தாள்கள். 1956 மாநிலப் பிரிவினையால் இவற்றில் சில திருவனந்தபுரத்தில் கிடக்கலாம். மான்மியத்தை இவற்றுக்குப் பிறகு படிக்க வேண்டும். அப்போதுதான் ஐந்தாம் மனைவி யார்மீது, எந்தப் பங்குக்காக வழக்காடுகிறாள் என்பது துலங்கும். தந்தை ஆவணத்தில் இல்லை என்ற முடிவு தேடாததன் விளைவு என்பதும் தெரியவரும்.