காற்றே இல்லாத இடத்தில் வெடிமருந்து வெடிக்குமா? அளந்து பார்த்தவர் கடைசியில் வந்து சேர்ந்தது நம்ம கடலூருக்கு!

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கிமேட்டுக்குப் போயிருக்கீங்களா? சுமார் 26 அடி நீளத்தில் ஒரு இரும்புப் பீரங்கி படுத்திருக்கும். 1620 வாக்கில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது. அச்சில் ஊற்றி வார்த்ததில்லை. இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டிச் செய்தது. அதற்குள் போட்ட மருந்தில் இருந்தது மூன்றே பொருள்தான்: வெடியுப்பு, கந்தகம், கரி.

திரி வைத்தால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் வெடிக்கிறது என்பது அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே தெரியாது.

அடுப்புக்குக் காற்று வேணும்... மருந்துக்கு?

அடுப்பை ஊதினால் எரியும், மூடினால் அணையும். விளக்கும் அப்படித்தான். ஆனால் பீரங்கிக் குழலில் மருந்தை இறுக்கி அடைத்து, மேலே குண்டையும் திணித்த பிறகு காற்று எங்கிருந்து வரும்? ஆனாலும் வெடிக்கிறதே!

இதைச் சோதிக்க காற்றில்லாத இடம் ஒன்று வேண்டும். 1659-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலுக்காக ராபர்ட் ஹூக் ஒரு ஏர் பம்ப் செய்து கொடுத்தார். கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே எடுக்கும் கருவி அது. பாயில் அதற்குள் வெடிமருந்தை வைத்தார். வெளியிலிருந்து லென்ஸ் மூலம் வெயிலைக் குவித்தார். மருந்து பெரும்பாலும் புகைந்தது, உருகியது. வழக்கம்போல 'டப்'பென்று பிடிக்கவில்லை. பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் போட்டுப் பார்த்தபோது, காற்றில்லாமலே எரிந்தது.

அதாவது எரியுது, ஆனா வெடிக்கல. குழப்பமா இருக்கா? அவர்களுக்கும் இருந்தது.

ராபின்ஸ் என்ன செய்தார்?

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் பிறந்தவர், கணித மேதை. போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் பிரிவுக் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கிக் கணக்கில் புலியானது ஒரு விநோதம்தான்.

அவருடைய சோதனை ரொம்ப எளிமையானது. காற்றை எடுத்த குடுவைக்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதன் மேல் கொஞ்சம் மருந்தை விழச் செய்வது. பக்கத்தில் ஒரு பாதரச அளவுமானி. மருந்து எரிந்ததும் பாதரசம் சட்டென இறங்கியது. காலியாக இருந்த குடுவைக்குள் ஏதோ ஒரு வாயு புதிதாக வந்து நிரம்பிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வாயு ஆறிய பிறகும், மருந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தைப்போல சுமார் 244 மடங்கு இடத்தைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். வெடிக்கும் நேரத்துச் சூட்டையும் சேர்த்தால், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல 1,000 மடங்கு என்றார். உண்மையான அழுத்தம் இதைவிட ரொம்ப அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் குண்டைத் தள்ளுவது நெருப்பு இல்லை, நெருப்பிலிருந்து பிறக்கும் வாயு என்பது அளந்து நிரூபணமானது.

1742-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். மூன்றே ஆண்டுகளில், 1745-ல், கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

கடலூருக்கு ஏன் வந்தார்?

சென்னையை 1746-ல் பிரெஞ்சுப் படை பிடித்தது. அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடமாக இருந்தது கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டை. 1749-ல் கம்பெனிப் படை தெற்கே கொள்ளிடம் முகத்துவாரத்துக்குப் போய், தஞ்சை மன்னர் பிரதாப சிங்கின் தேவிக்கோட்டையைப் பீரங்கியால் உடைத்துப் பிடித்தது. டெல்டா ஓரத்தில் அப்போது வெடிமருந்து வாசனைக்குக் குறைச்சலே இல்லை.

கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் தேடிய கம்பெனி, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் வந்தார். சில வாரங்களிலேயே காய்ச்சல். தேறி எழுந்து வேலை பார்த்தவர், 1751 ஜூலை 29 அன்று இறந்தார். வயது 44. கையில் பேனாவோடு உயிர் போனது என்பார்கள். அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-ல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. கெடிலம் ஆற்றோரம் மிச்சம் மீதி இன்னமும் இருக்கு.

சரி, விடை என்ன?

வெடியுப்புக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சூடு பட்டதும் அது கரிக்கும் கந்தகத்துக்கும் கிடைத்துவிடும். வெளிக்காற்று தேவையே இல்லை. ஆக்சிஜன் என்று பெயர் வைத்து எரிதலை விளக்கிய பிரான்சின் லவாய்சியர், அந்நாட்டு அரசு வெடிமருந்துத் துறையை நிர்வகித்தவரும்கூட. 1826-ல் தஞ்சாவூர் வந்த பிஷப் ஹீபர், இரண்டாம் சரபோஜி மன்னர் லவாய்சியரைச் சரளமாக மேற்கோள் காட்டிப் பேசியதை வியந்து எழுதியிருக்கிறார். சரபோஜியின் அரண்மனையில் ஒரு ஏர் பம்பும் இருந்தது!

அப்போ பாயில் குடுவையில் ஏன் 'டப்' இல்லை? மருந்துக் குருணைகளில் ஒன்று எரிந்தால், அதன் சூடான வாயு அடுத்த குருணைக்குள் புகுந்து பற்றவைக்க வேண்டும். வெற்றிடத்தில் அந்த வாயு நாலாபக்கமும் ஓடிப்போய்விடுகிறது. தடுத்து நிறுத்த எதுவுமில்லை. வெடிக்க வைப்பது காற்று இல்லை, அடைப்பு. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவர் இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு மேலே கெட்டிக்கிறாரே, அதே விஷயம்தான்.

தீபாவளிக்கு இது ஏன் தெரியணும்?

பற்றிக்கொண்ட பட்டாசு மேல் டப்பாவையோ பானையையோ கவிழ்த்தால் 'காற்றுப் போகாது, அணைஞ்சிடும்' என்று நினைக்கிறோம். அணையாது. அடைப்பு கூடும், டப்பாவே சில்லுகளாகப் பறக்கும். இப்போதைய பட்டாசில் அலுமினியப் பொடி சேர்ந்தாலும், ஆக்சிஜன் தரும் உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. சாக்குப் போட்டு மூடும் வித்தை அங்கேயும் செல்லாது.

வெடிக்காத புஸ் பட்டாசைக் குனிந்து பார்க்காமல், நன்றாக நேரம் விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெடியுப்பு தண்ணீரில் கரையும்.