குதிரைத் தமனிப்புழு

ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்னும் உருளைப்புழு; குதிரை, கழுதையின் பெருங்குடலில் வாழும், சுமார் 2 செ.மீ. நீளம். முதிர்ந்த புழுவைவிட இளம்புழுவே கொடியது. புல்லோடு உள்ளே போகும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, சிறு தமனிகளுக்குள் நுழைந்து, இரத்த ஓட்டத்தை எதிர்த்து ஊர்ந்து, ஏறத்தாழ 2 வாரத்தில் குடலுக்கு இரத்தம் கொடுக்கும் முதன்மைத் தமனியை அடைகிறது. அங்கே 3 முதல் 4 மாதம் தங்கல். தமனியின் உட்சுவர் அழன்று தடிக்கும், இரத்தக்கட்டி படியும். சில குதிரைகளில் தமனியே புடைத்துவிடும். கட்டியின் துணுக்கு பெயர்ந்து கிளைத்தமனியை அடைத்தால் குடலின் ஒரு பகுதி அழுகும். குதிரை வயிற்றுவலியில் புரளும், இறக்கவும் கூடும்.

பிறகு புழு குடலுக்குத் திரும்பி முதிர்கிறது. லத்தியில் முட்டை தென்பட 6 மாதத்துக்கு மேலாகும். சேதமோ அதற்கு முன்பே நடந்திருக்கும். 1980களில் பரவிய ஐவர்மெக்டின் என்னும் புழுநீக்க மருந்து தமனியிலுள்ள இளம்புழுவையும் கொல்வதால் நோய் வெகுவாகக் குறைந்தது.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் பல ஊர்க் குதிரைகள் வருகின்றன. அங்கு வாங்கிய குதிரையைக் குடற்புழு நீக்காமல் காங்கயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயவிடுவது சரியல்ல; லத்தியிலுள்ள முட்டை வழியே புழு அங்கும் பரவும். குதிரை மேய்ந்த நிலத்தில் மாடுகளை மாற்றி மேய்ப்பது நல்ல உபாயம்: புல்லிலுள்ள இப்புழு மாட்டின் வயிற்றில் வளராது.