மலைநாட்டுத் தோட்டங்களில் மனநோயும் பெற்றோரும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியோர் துரைமாரையும் கங்காணிமாரையும் ஏற்றுமதிக் கணக்குகளையும் விரிவாகவே எழுதியுள்ளனர். லயத்துக் காம்பராவொன்றில் சித்தம் கலங்கிய மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு காலங்கழித்த தாய் தகப்பனைப் பற்றி அவ்வேடுகளில் ஒரு பக்கம் கிடைப்பதும் அரிது. ஆயினும் அவர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

மனச்சிதைவு என்னும் கொடிய நோய் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டுவது. தோட்டத்திலே அது எந்தப் பருவம்? பிள்ளையின் பெயர் செக்ரோலில் ஏறும் பருவம். வீட்டுக்கு இன்னொரு கை உழைக்க வந்தது என்று பெற்றோர் ஆறுதல் கொள்ளும் வேளையிலே, அந்தக் கை ஓய்ந்துவிடுகிறது. அதுமட்டுமன்று, காவலுக்கு வேறொரு கையும் வேண்டியதாகிறது. தப்புச் சத்தம் கேட்டதும் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுச் செல்லலாம். பத்தொன்பது வயது மகனை யாரிடம் விடுவாள்? தோட்டப் பேச்சிலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். பாதி நாளானால் ‘அரைப்பேர்’. வீட்டில் தங்கியவருக்குப் பேர் இல்லை. ஆகவே கதவைப் பூட்டிவிட்டு மலைக்குப் போவதா, அல்லது ஒருவர் கூலியை இழப்பதா என்ற கேள்வி அந்த வீட்டில் நாள்தோறும் விடிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், இரவிலே மகன் கூச்சலிட்டால் அடுத்த காம்பரா உறங்காது. முறைப்பாடு துரையின் காரியாலயத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருந்த காலத்தில், பற்றுச்சீட்டு என்ற சொல்லே போதும், ஒரு குடும்பம் வாய்மூடிக்கொள்ள.

சட்டங்கள் இல்லாமலில்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872-ஆம் ஆண்டு முதலாகக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. 1912-இல் அவை திருத்தியமைக்கப்பட்டன. காய்ச்சல், வயிற்றுளைச்சல், பிரசவம் ஆகியவை அவற்றின் கவலை. 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் தொடங்கிற்று. வேலையைத் தடுக்கும் நோய், பரவும் நோய் இவையே கணக்கில் முதலிடம் பெற்றன. மனநோய்க்கு வேறொரு சட்டம்: 1873-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது நோயாளியை வைத்தியரிடம் அல்ல, முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்கே அழைத்தது. குற்றமொன்றும் செய்யாத மகனை நீதவான் முன் நிறுத்துவதென்றால் எந்தத் தகப்பனின் கால் எழும்?

நீதிமன்றம் அனுப்பும் இடமோ கொழும்பு. 1847-இல் பொரளையிலும், பின்னர் கறுவாத்தோட்டத்திலும் இருந்த விடுதி 1926-ஆம் ஆண்டளவில் அங்கொடைக்குப் பெயர்ந்தது. 1937-இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வர்ட் மாப்போதர் அங்கு வந்து பார்த்து, தாங்கும் அளவுக்கு மேல் நோயாளர் நெருக்கப்பட்டிருந்ததைக் கண்டித்து எழுதினார். அட்டனிலிருந்து தலைநகருக்கு ரயில் பாதை நூறு மைலுக்கு மேல். அங்கே நோயாளியைச் சூழ்ந்த பேச்சு பெரும்பாலும் சிங்களம். மகனின் உள்ளத்திலே கேட்கும் குரல்கள் தமிழில் பேசின. அவற்றை விசாரிக்கும் வைத்தியருக்கும் அவனுக்கும் இடையே மொழிபெயர்ப்பவர் ஒருவர் நிற்கவேண்டியிருந்தது.

இந்த நிலையிலே கோடாங்கியை நாடினார்கள் என்று பெற்றோரைப் பழிப்பது எளிது. ஆனால் கோடாங்கி தமிழில் பேசினார். வேலை முடிந்த இரவிலே லயத்துக்கே வந்தார். உடுக்கை ஒலிக்கையில் அயலவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பேரும் இழக்கவேண்டியிருக்கவில்லை. அதனால் நோய் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை; சிகிச்சைக்குரிய மாதங்கள் கழிந்ததே மெய். சில இடங்களில் கயிறும் சங்கிலியும் சேர்ந்துகொண்டன. தோட்ட மக்களின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த இராமநாதபுரச் சீமையில், ஏர்வாடியிலே, 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியிற் கட்டுண்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயிலே மாண்டனர். சங்கிலி என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1952-இல் பிரான்சிலே குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் கண்டறியப்பட்டது. பின்னர் வாரக்கணக்கில் நின்று வேலைசெய்யும் ஊசிகளும் வந்தன. நாள்தோறும் மாத்திரை கொடுக்க வீட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கு, மாதத்துக்கொரு ஊசி என்பது பேருதவியே. 1956-ஆம் ஆண்டு வரையில் வந்த திருத்தங்களால், நீதிமன்றம் செல்லாது தாமாகச் சேரும் வழியும் திறந்தது.

அதற்குள் வேறொரு இடி விழுந்திருந்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. வயதுவராத பிள்ளைகள் பெற்றோரோடு சேர்த்து எண்ணப்படுவர். வயதுவந்தவர் தமக்கென விண்ணப்பிக்கவேண்டும். விசாரணையில் அமர்ந்து விடைகூற இயலாத பிள்ளையின் தாய், காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு என்ன நினைத்திருப்பாள்? அண்ணன் தம்பி கடல் கடந்தபின், காவலிருக்கும் முறையும் அவளுக்கே முழுமையாக வந்து சேர்ந்தது. குடும்பங்கள் பிரிந்ததைப் பலர் எழுதினர். நோயாளிக்கு முறைவைத்துக் காவலிருந்த உறவுவட்டம் உடைந்ததை எழுதியவர் குறைவு.

2003-இல் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 2005-ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதென்று வகுத்தது. அங்கொடை இன்று தேசிய மனநல நிறுவனம் எனப்படுகிறது. அதன் தொலைபேசி உதவி இலக்கமும் 1926 தான். 1873-ஆம் ஆண்டுச் சட்டமோ அந்தக் கொள்கைக்குப் பின்னும் நெடுங்காலம் ஏட்டிலே நிலைத்தது.

மாவட்ட வைத்தியசாலைக்குப் போவதென்றாலும், தோட்டத்திலிருந்து பெருந்தெருவரை நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஊசி போட்டுத் திரும்புகையில் மாலை நிறுவையும் முடிந்திருக்கும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை.