குழாயிலிருந்து காலத்துக்கு: மென்படலப் படிவு வாயுக் கருவிகளும் அமெரிக்கக் காப்புரிமைப் பரிசீலனையும்

குறைக்கடத்தித் தொழிலில் மெல்லிய படலங்களை வாயுக்களிலிருந்து படியவைக்கும் எந்திரங்களை எடுத்துக்கொண்டால், சிலிக்கான் தகடு அமர்ந்திருக்கும் அறையைக் காட்டிலும் அந்த அறைக்கு வாயுவைக் கொண்டுசேர்க்கும் அமைப்பிலேயே பெரும்பாலான நுட்பங்கள் அடங்கியிருக்கின்றன. வாயு உருளைகள், அழுத்தச் சீராக்கிகள், நொடிக்கு எவ்வளவு வாயு செல்லவேண்டும் என்பதை அளந்து விடும் நிறைப்பாய்வுக் கட்டுப்படுத்திகள், நொடியின் சிறு பகுதிக்குள் திறந்து மூடும் வால்வுகள், உள்ளே செல்லும் ஆவி வழியிலேயே உறைந்துவிடாதபடி சூடேற்றிய குழாய்கள், தகட்டுக்கு நேர் மேலே எண்ணற்ற நுண்துளைகளுடன் அமைந்த பரப்பித் தகடு ஆகியவை சேர்ந்ததே அந்த அமைப்பு. பரப்பித் தகட்டைத் தொழிலில் ‘ஷவர்ஹெட்’ என்பர். தோட்டக்காரரின் பூவாளி செய்யும் வேலையைத்தான் அது வாயுவுக்குச் செய்கிறது. இத்தகைய அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் வரும்போது, பரிசீலனை அலுவலர் அதன் புதுமையை எங்கே தேடவேண்டும்? குழாயின் வடிவிலா, அதில் ஓடும் வாயுவிலா, அந்த வாயு ஓடும் நேர ஒழுங்கிலா? இக்கேள்விக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும் நீதிமன்றங்களும் அளித்துவந்த விடைகள் ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. கண்டுபிடிப்பின் சாரம் குழாயிலிருந்து காலத்துக்கு நகர்ந்தபோது, எந்திரத்தை அதன் உடலால் மட்டுமே அடையாளங்கண்ட சட்டமரபு அதற்கு ஈடுகொடுக்க நெடுங்காலம் உழைக்கவேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அமெரிக்காவில் 1793-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமை என்பது பெரிதும் பதிவுசெய்தலாகவே இருந்தது. விண்ணப்பத்தில் சொல்லப்பட்டது உண்மையிலேயே புதியதா என்று பார்க்கும் பொறுப்பு அலுவலகத்துக்கு இல்லை. 1836-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கெனப் பரிசீலனை அலுவலர்களை அமர்த்தி, முன்னரே அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்ட பிறகே உரிமை வழங்கவேண்டும் என்ற முறையை நிலைநாட்டியது. முன்னரே அறியப்பட்டவை என்ற இத்தொகுதியை இங்கே ‘முன்னறிவு’ என்று குறிப்பிடலாம். எந்நாட்டில், எம்மொழியில் அச்சேறியிருந்தாலும் ஒரு நூலோ கட்டுரையோ முன்னறிவாகக் கொள்ளப்படக்கூடியதே.

ஆவியிலிருந்து படலம் படியவைப்பது பற்றிய மிகப் பழைய காப்புரிமைகளுள் ஒன்று, வில்லியம் சாயர், ஆல்பன் மேன் ஆகிய இருவருக்கும் 1880-இல் வழங்கப்பட்ட 229,335 எண்ணுள்ள உரிமையாகும். மின்விளக்கின் கரி இழையை ஹைட்ரோகார்பன் ஆவிக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் இழை சூடாகும். ஆவி சிதைந்து இழையின்மேல் கரியாகப் படியும். இழை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே மின்தடை மிகுந்து சூடும் மிகுவதால் அவ்விடத்தில் கரியும் கூடுதலாகப் படிந்து, மெலிவு தானே சரியாகிவிடும். இம்முறையில் வாயு செலுத்தும் கருவி என்று தனியாகக் கவனிக்கத்தக்கது எதுவும் இல்லை. ஆவி சூழ்ந்திருந்தால் போதும். சீர்மையை இழையே பார்த்துக்கொண்டது.

1960-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் எப்பிடாக்சி முறையில், அதாவது அடிப்படிகத்தின் அணு ஒழுங்கை அப்படியே தொடரும் படலமாக, சிலிக்கானை வளர்த்து டிரான்சிஸ்டர் செய்துகாட்டியபோது நிலைமை மாறியது. சிலிக்கான் டெட்ராகுளோரைடு திரவத்தின் ஊடே ஹைட்ரஜனைக் குமிழிடச் செய்து, ஆவியோடு கலந்த அவ்வாயுவைச் சூடான குவார்ட்ஸ் குழாய்க்குள் செலுத்தும் முறை பரவலாயிற்று. குழாயின் வாயிலில் இருக்கும் தகட்டுக்குச் செறிந்த வாயு கிடைக்கும். கடைசித் தகட்டை எட்டுவதற்குள் வாயு மெலிந்திருக்கும். தகட்டு மேடையைச் சற்றுச் சாய்த்து வைப்பதும் ஓட்ட விரைவை மாற்றுவதும் இதற்குக் கண்ட மாற்றுவழிகள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலன் ரெய்ன்பெர்க் 1973-இல் பெற்ற 3,757,733 எண்ணுள்ள காப்புரிமை இதே சிக்கலை வடிவத்தால் தீர்க்க முயன்றது: இணையான இரு வட்ட மின்முனைகளுக்கிடையே பிளாஸ்மாவை உண்டாக்கி, வாயுவை ஆர வழியில் ஓடவிடும் கலன் அது. 1987-இல் அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனம் பிரிசிஷன் 5000 எந்திரத்தைக் கொணர்ந்த பிறகு, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே பதப்படுத்தும் அறைகள் பெருகின. பரப்பித் தகட்டின் துளை வரிசை தனிக் கண்டுபிடிப்புப் பொருளாக வளர்ந்தது. இக்காலம் வரையில் பரிசீலனை அலுவலரின் வேலை கடினமாக இருந்திருக்கலாம், குழப்பமானதாக இருக்கவில்லை. கலனின் படத்தைப் பார்த்தால் புதுமை எது என்று சுட்டிக்காட்ட முடிந்தது. பழைய அமெரிக்க வகைப்பாட்டில் 118/715 என்ற ஒரே தலைப்பின்கீழ் வாயு, ஆவிப் படிவுக் கருவிகள் திரட்டப்பட்டிருந்ததும் இந்த மனநிலைக்குப் பொருந்தியதே.

அந்த மனநிலையை அசைத்த கண்டுபிடிப்பு பின்லாந்திலிருந்து வந்தது. டுவோமோ சுந்தோலா 1974-இல் இன்ஸ்ட்ருமெண்டாரியம் நிறுவனத்தில் மின்னொளிர் காட்சித்திரைகளுக்காகத் துத்தநாக சல்பைடு படலங்களை வளர்க்க முற்பட்டார். பின்னாளில் அணு அடுக்குப் படிவு என்று பெயர்பெற்ற அவருடைய முறையில், இரு வினைப்பொருள்களும் ஒருபோதும் ஒன்றாக வருவதில்லை. முதலாவது வந்து தகட்டின் பரப்பில் ஓர் அடுக்காக ஒட்டிக்கொள்ளும். ஒட்ட இடம் தீர்ந்ததும் வினை தானே நின்றுவிடும். அதன் எச்சம் அகன்ற பிறகு இரண்டாவது வந்து அவ்வடுக்கோடு வினைபுரியும். இன்று பெரிதும் பயன்படும் எடுத்துக்காட்டான டிரைமெதில் அலுமினியம், நீராவி இணையை எடுத்துக்கொண்டால், ஒரு சுழற்சிக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் அலுமினா வளரும். 10 நானோமீட்டர் வேண்டுமெனில் ஏறத்தாழ 100 முறை வாயுக்கள் மாறி மாறி வரவேண்டும். படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பது சுழற்சிகளின் எண்ணிக்கையே. வாயுவின் அளவு சற்றுக் கூடினாலும் பெரும் வேறுபாடு நேராது.

சுந்தோலாவும் யோர்மா ஆன்ட்சனும் 1977-இல் பெற்ற 4,058,430 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இம்முறையின் அடிப்படையைக் கோரியது. தொடக்கச் சோதனைகளில் தகடுகள் வெற்றிடத்தில் சுழன்று தனிம ஆவிகளைத் தாங்களே மாறி மாறிச் சந்தித்தன. பின்னர் துத்தநாக குளோரைடு, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற சேர்மங்களுக்கு மாறி, தகடு நிலையாக நிற்க வாயுக்கள் மாறும் ஓட்டமுறை உருவாயிற்று. அப்போது எழுந்த இடர்ப்பாடு பெரிது: மிகுந்த சூட்டில் இருக்கும் குழாய்க்குள் இயந்திர வால்வு தாங்காது, ஆனால் இரு வாயுக்களும் குழாய்க்குள் கலந்தால் அங்கேயே தூளாகப் படிந்துவிடும். சுந்தோலா, பக்கலா, லிண்ட்ஃபோர்ஸ் ஆகியோர் 1983-இல் பெற்ற 4,389,973 எண்ணுள்ள கருவிக் காப்புரிமை இதற்குத் தந்த தீர்வு அழகானது. வினைப்பொருளின் வரவு நிற்கும் வேளையில் மந்த வாயுவின் ஓட்டம் குழாய்க்குள் ஒரு தடுப்பாக அமைந்து, எஞ்சிய ஆவி முன்னேறாதபடி பார்த்துக்கொள்கிறது. அசையும் உறுப்பு ஏதுமின்றி வாயுவே வால்வாகிவிட்டது. அதே மூவருக்கும் அதே ஆண்டில் 4,413,022 என்ற எண்ணில் செய்முறைக் காப்புரிமை தனியாக வழங்கப்பட்டது. ஒரே ஆய்வுப்பணி கருவி என்றும் செய்முறை என்றும் இரண்டாகப் பிரிந்து நின்ற இந்நிகழ்வில், பிற்காலச் சர்ச்சைகள் அனைத்துக்கும் வித்து இருக்கிறது. மந்த வாயுத் தடுப்பு என்பது பொருளா, செயலா? வாயுவை நிறுத்திவிட்டால் எஞ்சுவது வெறுங்குழாய்தானே.

இங்கே முன்னறிவு பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. லெனின்கிராட்டில் அலெஸ்கோவ்ஸ்கி, கோல்ட்சோவ் ஆகியோர் 1960-களிலேயே ‘மூலக்கூறு அடுக்கல்’ என்ற பெயரில் இத்தகைய மாற்று வினைகளை ஆராய்ந்து ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தனர். அச்சேறிய எதையும் சட்டம் முன்னறிவாக ஏற்றாலும், பரிசீலனை அலுவலரின் மேசைக்கு எது வந்துசேர்கிறது என்பதை மொழியும் நூலகமும் வகைப்பாடுமே தீர்மானிக்கின்றன. இத்துறையின் தொடக்ககால வெளியீடுகளைப் பல நாட்டு ஆர்வலர்கள் கூடித் தேடிப் படிக்கும் முயற்சி 2013-இல்தான் தொடங்கியது.

கருவிக்கும் செயலுக்கும் இடையிலான கோட்டை அமெரிக்க நீதிமன்றங்கள் குறைக்கடத்திகளைப் பார்த்து வரையவில்லை. 1935-இல் யங் வழக்கில் கான்கிரீட் உறுப்புகளை வார்க்கும் எந்திரம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, எந்திரம் எப்பொருளின்மீது வேலைசெய்கிறது என்பது அந்த எந்திரத்தைப் புதியதாக்காது என்று நீதிமன்றம் கூறியது. 1990-இல் ஹியூலெட்-பேக்கார்டு வழக்கில் எழுந்தது வரைபடம் தீட்டும் கருவி. கருவிக்கான உரிமைக்கோரல் அக்கருவி இன்னது என்பதையே காக்கிறது, அது செய்யும் வேலையை அன்று என்ற நெறி அங்கே தெளிவாயிற்று. 1997-இல் ஷ்ரைபர் வழக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றது. சோளப்பொரியைச் சிறிது சிறிதாகக் கொட்டும் கூம்பு மூடிக்கு உரிமை கேட்டவருக்கு எதிராக, எண்ணெய்க் குப்பிக்கான பழைய கூம்பு மூக்கு ஒன்று முன்னறிவாகக் காட்டப்பட்டது. அதே அமைப்பு அதே வேலைக்கு ஒத்துவருமெனில், முன்னவர் அந்தப் பயனை எண்ணியிராதது பொருட்டன்று என்று தீர்ப்பாயிற்று. வாயுக் கருவி விண்ணப்பங்களுக்கு இந்நெறிகளின் விளைவு கடுமையானது. ‘ஹாஃப்னியம் குளோரைடு செலுத்தும் குழாய்’ என்று எழுதினால், வேறு வாயு ஓடிய பழைய குழாயும் அதற்கு எதிராக நிற்கும், அதில் ஹாஃப்னியம் குளோரைடு ஓடமுடியும் என்று காட்டினால் போதும். ஐரோப்பிய அலுவலகத்தின் நடைமுறையும் இவ்விடத்தில் வெகுதொலைவில் இல்லை. ‘இன்னதற்கான கருவி’ என்றால் ‘இன்னதற்குத் தகுந்த கருவி’ என்றே அங்கும் பொருள்கொள்வர். இந்நெறி நியாயமானதே: பழைய குழாயை வைத்திருப்பவர் அதில் புதிய வாயுவை ஓடவிட்டதற்காக அக்குழாயின் உரிமையையே இழக்கலாகாது. ஆயினும் கண்டுபிடிப்பு முழுவதும் நேர ஒழுங்கிலேயே இருக்கும் ஒரு துறையில், அதைச் சொல்வதற்கான சொல்லைக் கருவியின் மொழி கொடுக்கவில்லை.

பரப்பித் தகட்டின் துளைகளைப் பற்றிய விண்ணப்பங்களிலும் பிற துறைகளின் தீர்ப்புகளே அளவுகோலாயின. உறுப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவது தானாகப் புதுமையாகாது என்ற ஹார்சா நெறி (1960) கட்டுமான இணைப்புகளில் நீர் புகாமல் தடுக்கும் பட்டைகளிலிருந்து வந்தது. இடமாற்றம் பற்றிய ஜாபிக்சே நெறி (1950) அழுத்த எந்திரத்தின் விசைப்பொத்தானிலிருந்து வந்தது. எனினும் இவற்றுள் மிகவும் பயனுள்ளது 1977-இன் ஆன்டொனி தீர்ப்பு என்றே கருதவேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவுக்கும் தொடுபரப்புக்கும் இடையிலான விகிதம் பற்றிய அவ்வழக்கில், ஓர் அளவு விளைவை மாற்றக்கூடியது என்று முன்னறிவு அறிந்திராவிட்டால், அந்த அளவைச் செப்பமாகத் தேர்ந்தது வழக்கமான சோதனை வேலையே என்று தள்ளிவிட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. துளையின் விட்டம் வாயுவின் பரவலை மாற்றும் என்பது யாரும் அறிந்தது. ஆனால் தகட்டின் விளிம்பில் துளைகள் சாய்ந்திருக்கும் கோணம் படலத்தின் தூய்மையை மாற்றும் என்று எவரும் எழுதியிராவிட்டால், பரிசீலனை அலுவலர் அதற்கான சான்றைத் தேடித்தான் ஆகவேண்டும்.

நேர ஒழுங்கைக் கருவிக்குள் கொண்டுவரும் வழி கணினியால் கிடைத்தது. 1969-இல் பெர்ன்ஹார்ட் வழக்கில், புதிய நிரல் ஏற்றப்பட்ட எந்திரம் நிரல் ஏற்றப்படாத அதே எந்திரத்திலிருந்து உடலளவிலேயே வேறுபட்டது என்று நீதிமன்றம் ஏற்றது. இதன்வழி, ‘முதல் வால்வைத் திறந்து மூடி, மந்த வாயுவைச் செலுத்தி, பிறகு இரண்டாம் வால்வைத் திறக்கும்படி அமைக்கப்பட்ட கட்டுப்படுத்தி’ என்ற தொடர் கருவிக் கோரல்களில் இடம்பிடித்தது. 2007-இல் இன்டெல் நிறுவனம் 45 நானோமீட்டர் சில்லுகளில் ஹாஃப்னியம் சார்ந்த மின்காப்புப் படலத்தைக் கொணர்ந்தபோது அணு அடுக்குப் படிவு பெருந்தொழிலாகியிருந்தது. கட்டுப்படுத்தியும் கோரல்களின் வழக்கமான உறுப்பாகிவிட்டது.

வகைப்பாடும் இதற்கேற்ப மாறியது. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய கூட்டு வகைப்பாட்டில், சி23சி 16/455 என்ற தலைப்பு வாயுவை அறைக்குள் செலுத்தும் வழிகளுக்கு உரியது. அதன்கீழ் அணு அடுக்குப் படிவுக் கருவிகளுக்கும், ஷவர்ஹெட்டுகளுக்கும், அறைக்கு முந்தைய குழாய் அமைப்புக்கும் தனித்தனி உட்பிரிவுகள் உள்ளன. படிவுச் செய்முறையின் கட்டுப்பாட்டுக்கு 16/52 என்ற வேறு தலைப்பு. முன்பு ஒரே பெட்டியில் கிடந்தவற்றைத் தேடுவது எவ்வளவு எளிதாயிற்று என்பதை இப்பணி செய்வோர் அறிவர். சட்ட நூல்கள் இதைப் போதிய அளவு பேசாதது ஒரு குறையே.

எஞ்சியது சொற்களின் பிரச்சினை. ‘வாயு வழங்கும் அலகு’ போன்ற பொதுச்சொற்கள் ‘வாயு வழங்கும் வழி’ என்று வேலையை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். எண்ணெய்க் கிணற்றில் திரவ மட்டத்தின் ஆழம் அளக்கும் கருவி பற்றிய 1946-ஆம் ஆண்டு ஹாலிபர்ட்டன் தீர்ப்பு இத்தகைய கோரல்களை ஏற்கவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அனுமதித்து, விவரணையில் காட்டிய அமைப்புக்கும் அதற்கு நிகரானவற்றுக்கும் மட்டுமே உரிமை நீளும் என்று வரம்பிட்டது. 2015-இல் வில்லியம்சன் தீர்ப்பு, ‘வழி’ என்ற சொல் இல்லாதபோதும் இவ்வரம்பு பொருந்தக்கூடும் என்று விளக்கியது. கட்டுப்படுத்தி பொதுக் கணினியாக இருந்து, அதன் வேலை மட்டுமே சொல்லப்பட்டு இவ்வரம்புக்குள் வரும்போது, 2008-ஆம் ஆண்டு அரிஸ்டோகிராட் தீர்ப்பின்படி, அவ்வேலையை நிறைவேற்றும் படிமுறை விவரணையில் இருந்தாக வேண்டும். ஆகவே இன்று அணு அடுக்குப் படிவு விண்ணப்பம் ஒன்றைப் பிரிக்கும் பரிசீலனை அலுவலர், கலனின் குறுக்குவெட்டுப் படத்தோடு, எந்த வால்வு எப்போது திறந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கோடுகளால் காட்டும் நேரப்படத்தையும் அதே கவனத்தோடு படிக்கிறார். சட்டத்தின் கண்ணில் அந்த நேரப்படமும் இப்போது எந்திரத்தின் ஓர் உறுப்பு.