கள்ளை ஒழிக்கப் பிறந்த வரி

வரிக்கும் வரலாறு உண்டு. மன்னர் முடிசூடிய நாளை மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடநூல்கள், ஒரு வரி ஏன் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வதில்லை. தமிழகத்தில் 1939ஆம் ஆண்டு ஒரு வரி பிறந்தது. குடியை ஒழிப்பதற்கென்றே பிறந்த வரி அது. அந்த வரியே பின்னாளில் மதுப்புட்டியின் தோளேறி அமர்ந்தது. விந்தையான இக்கதையை இளைஞர் அறிதல் வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில் தொடங்குகிறது கதை. 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. அதன் நோக்கம் குடியை ஒழிப்பதன்று. கணக்கில் வராத குடியை ஒழிப்பது! கள் இறக்கும் மரத்துக்கு மரவரி, கள்ளுக்கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தீர்வை. பனையேறியின் கலயத்திலிருந்து குடிப்பவனின் குவளை வரை, ஒவ்வொரு படியிலும் கருவூலம் கை நீட்டி நின்றது. ஊர்தோறும் எரிந்த சிறு அடுப்புகள் அணைந்தன. உரிமம் பெற்ற பெரிய வடிசாலைகள் எழுந்தன. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலையோடு சாராய வடிசாலையும் வளர்ந்தது. கரும்பு பிழிந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகு சாராயமாயிற்று, சாராயம் தீர்வையாயிற்று, தீர்வை ஆட்சியாயிற்று.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் இரட்டை ஆட்சியைத் தந்தது. மாகாண அமைச்சர்களிடம் கல்வியை ஒப்படைத்தது. கூடவே ஆப்காரியையும் ஒப்படைத்தது. நிலவரியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே நின்றன. அக்காலச் சென்னை மாகாண வருவாயில் கால்பங்குக்கு மேல் குடியிலிருந்தே வந்தது. இந்த ஏற்பாட்டின் பொருள் என்ன? ஏழையின் மகனுக்குப் பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமா? அவன் தந்தைக்குக் கள்ளுக்கடையைத் திறந்தே வை! தந்தையைக் கெடுத்து மகனைப் படிக்க வைக்கும் இந்த அரிய பொருளாதாரத்தை வகுத்தவர், நம்மை நாகரிகப்படுத்த வந்தோம் என்று சொல்லிக்கொண்டவர்!

1921ஆம் ஆண்டில் எதிர்ப்பு வெடித்தது. ஈரோட்டில் பெரியார் கள்ளுக்கடை மறியல் நடத்திச் சிறை புகுந்தார். தம் தோப்பில் நின்ற தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும் மறியலுக்கு வந்து நின்றனர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் தெருவில் நின்றதைக் கண்டு நாடு வியந்தது. தமக்கு வருவாய் தரும் மரத்தைத் தாமே வெட்டியவரின் செயலில் ஒரு பாடம் இருந்தது: தீமையை எதிர்ப்பவன் முதலில் அத்தீமையால் தனக்கு வரும் வருவாயைத் துறத்தல் வேண்டும் என்பதே அது.

அப்பாடத்தை அரசு கற்க மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1937 அக்டோபர் 1ஆம் நாள், இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது பரவியது. ஆப்காரி வருவாய் சரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பவே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கள்ளுக்கடையில் போகும் காசு துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் வரும். அங்கிருந்து சிறுபங்கு அரசுக்கு வரட்டும் என்பதே கணக்கு. போர்க்காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது. விற்பனை வரியோ ஒருநாளும் நிற்கவில்லை!

1967இல் ஆட்சி ஏற்ற அறிஞர் அண்ணா, நிதி நெருக்கடியிலும் மதுவிலக்கைக் கைவிட மறுத்தார். 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. வடிசாலைகளுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. 1983இல் பிறந்த தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் மொத்த விற்பனையைத் தன் கைக்குள் கொண்டது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. மரமேறியின் கலயம் குற்றமாயிற்று. ஆலையின் புட்டி வருவாயாயிற்று! 2003 இறுதியில் சில்லறைக் கடைகளும் அக்கழகத்தின் கைக்கே வந்தன. உரிமம் தருவது அரசு, வாங்குவது அரசின் கழகம், விற்பதும் அதுவே, வரி கொள்வதும் அரசே. தனியார் ஆலைக்கோ, வாடிக்கையாளரைத் தேடி அலையும் தொல்லையும் இல்லை!

இனிக் கணக்கைப் பாருங்கள். 2003-04இல் மதுவால் வந்த வருவாய் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. இதில் ஆயத்தீர்வை 10,774 கோடி. மதிப்புக் கூட்டு வரி 35,081 கோடி. மதிப்புக் கூட்டு வரி யார்? 1939இல் பிறந்த விற்பனை வரியின் வாரிசு! 2017இல் பிற பண்டங்கள் பெரும்பாலும் சரக்கு சேவை வரிக்குள் சென்றபோதும், மது மாநிலத்தின் கைக்குள்ளேயே நின்றது. குடியை ஒழித்தால் வரும் இழப்பை ஈடுகட்டப் பிறந்த வரி, குடியிலிருந்தே ஆயத்தீர்வையைப்போல் மும்மடங்கு திரட்டுகிறது. மருந்தென்று வாங்கி வந்தது நோயோடு உறவாடலாயிற்று! 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. ஆயினும் அந்த ஆண்டின் வருவாய் முன்னாண்டின் 44,121 கோடியைவிட மிகுந்தே நின்றது.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பர். முற்றும் பொய்யன்று, மதுவிலக்குக் காலத்திலும் திருட்டு அடுப்புகள் எரிந்தன. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, அரசின் கடைகள் மூடியா கிடந்தன? திறந்துதான் கிடந்தன! அரசுக் கடையின் விலை எட்டாத கூலியாளே மலிவான நஞ்சைத் தேடிப் போகிறான். திறந்த கடை அவனைக் காக்கவில்லை. மூடிய கடை மட்டுமே அவனைக் காத்துவிடும் என்பதும் இல்லை.

ஆகவே கேள்வி, கடை திறப்பதா மூடுவதா என்பது மட்டுமன்று. கருவூலத்தைப் புட்டியிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதே மூலக்கேள்வி. 1886இல் போட்ட முடிச்சு அது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, சட்டங்கள் மாறின. முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. குடியால் வரும் வருவாயைக் கூட்டிக் காட்டும் ஏடு உண்டு. குடியால் இழந்த கூலி, கெட்ட குடல், நின்ற படிப்பு, விதவையின் கண்ணீர் ஆகியவற்றைக் கழித்துக் காட்டும் ஏடு எங்கே?

கடவுள் பெயரால் சொன்னாலும் கணக்குக் கேட்பவர் பகுத்தறிவாளர். கருவூலத்தின் பெயரால் சொன்னால் மட்டும் கேளாதிருப்பரோ? இளைஞர்களே, இரண்டாவது ஏட்டைக் கேளுங்கள். அது வெளிவரும் நாளில், 45,855 கோடி வரவா செலவா என்பது எல்லார்க்கும் விளங்கும்.