ஹடப்சர் ஊசியும் உலக அரசியலும்: 2021-ல் நடந்தது என்ன?

புனேயின் ஹடப்சர்னா பலருக்கு மகர்பட்டா ஐடி பார்க்தான் ஞாபகம் வரும். ஆனா, டோஸ் எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய தடுப்பூசி நிறுவனமான சீரம் இன்ஸ்டிட்யூட்டும் இங்கதான் இருக்கு. சைரஸ் பூனாவாலா 1966-ல் தொடங்கியது.

இந்தியாவுக்குக் கிடைத்த பலம் என்ன?

பணக்கார நாடுகள் தடுப்பூசியை முன்பதிவு செய்து குவித்த நேரத்தில், 2021 ஜனவரி 20-ல் 'வேக்சின் மைத்ரி' தொடங்கியது. இங்கே தயாரான கோவிஷீல்டு முதலில் பூடானுக்கும் மாலத்தீவுக்கும் போனது. ஜனவரி 28-ல் இலங்கைக்கு 5 லட்சம் டோஸ்.

எங்கே சறுக்கியது?

இரண்டாம் அலையில் உள்நாட்டுத் தேவை எகிறியதும் ஏற்றுமதி நின்றது. 'கோவாக்ஸ்' திட்டத்தை நம்பிய ஆப்பிரிக்க நாடுகள் காத்துக்கிடந்தன. இலங்கையில் முதல் டோஸ் போட்ட பலருக்கு இரண்டாவது டோஸ் இல்லை. அந்த இடத்தைச் சீனாவின் சினோபார்ம் பிடித்தது. ஏற்றுமதி மறுபடி தொடங்க அக்டோபர் ஆகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்கும்படி, ஏப்ரல் 16-ல் அதார் பூனாவாலா ட்விட்டரிலேயே அமெரிக்க அதிபர் பைடனிடம் கேட்க வேண்டியிருந்தது.

இதுல புரியுறது என்ன?

ஃபேக்டரி நம்மகிட்ட, ஃபார்முலா ஆக்ஸ்போர்டு-அஸ்ட்ராஜெனகாகிட்ட, சில மூலப்பொருட்கள் அமெரிக்காகிட்ட. மூணும் சேர்ந்தாதான் வல்லரசு. சிப், பேட்டரி விஷயத்துலயும் இதே கணக்குதான்.