பாதாளத்தைப் படித்த கதை

மட்டக்களப்பு வாவியிலே மீன்பாட்டுக் கேட்பவர்கள் துடுப்பை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆழம் மரத்தின் வழியே காதுக்கு வந்து சேரும். மண்டூர்த் துறையிலே தோணிக்குக் காத்து நிற்கும் வேளைகளில், பூமியின் ஆழத்துக்கு மனிதன் காதுகொடுத்த வரலாறும் என் நினைவுக்கு வருவதுண்டு. நேயர்களே, அதன் முக்கியமான இரு அத்தியாயங்கள் நமது அயல்நாட்டிலேயே எழுதப்பட்டன.

1897 ஜூன் 12 ஆம் திகதி அசாமைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த றிச்சட் டிக்சன் ஒல்டாம் அதனை ஆராய்ந்தார். தொலைவில், இத்தாலியின் கருவிகளில் பதிந்த கோடுகளையும் நுணுகி நோக்கினார். ஓர் அதிர்ச்சியிலிருந்து மூவகை அலைகள் பிறப்பதைப் பிரித்தறிந்தார். முந்தி வருவது முதலலை. அதனைத் தொடர்ந்து, நிலத்தைக் குறுக்கே அசைத்து வருவது துணையலை. மேற்பரப்பை ஒட்டி வருவது மூன்றாவது. பூமிக்குள்ளே ஒரு கரு உண்டென்பதை 1906 இல் இவ்வலைகளைக் கொண்டே அவர் காட்டினார்.

துணையலைக்கு ஒரு குணம் உண்டு. திரவத்தினூடே அது செல்லாது. நீர் ஊறிய வெடிப்புப் பாறையிலே வேகம் தளர்ந்துவிடும்.

2001 ஜனவரி 26 இல் குஜராத்தின் பூஜ் பகுதி அதிர்ந்து பல்லாயிரவர் மாண்டனர். அதிர்ச்சிக்குக் காரணமான பிளவு நிலத்தின் மேலே தெளிவாக வெளிப்படவில்லை. ஆனால் பின்னதிர்ச்சிகள் ஓயவில்லை. அவற்றின் அலைகளைப் பல இடங்களில் நிறுத்திய கருவிகள் பதிந்தன. எவ்வலை எங்கே பிந்தியது என்று கணக்கிட்டபோது, நிலத்தடிப் பிளவின் வடிவம் துலங்கிற்று. ஏறத்தாழ 25 கிலோமீற்றர் ஆழத்தில், அதிர்ச்சி தொடங்கிய இடத்திலேயே துணையலை தளர்ந்திருந்தது. வெடித்த பாறையில் ஊறிய நீரே பிளவை நழுவச் செய்திருக்கலாம் என 2003 இல் மிஸ்ராவும் சாவோவும் எழுதினர். அழித்த அதிர்ச்சியே தன் வேரையும் காட்டிக்கொடுத்தது.

ஆயினும், 2004 டிசம்பர் 26 ஐ நான் மறக்க மாட்டேன். சுமாத்திராவின் அலைகள் சில நிமிடங்களிலேயே நம் நாட்டின் பல்லேகலைக் கருவியில் பதிந்தன. கடல் எழுவான்கரைக்கு வரவோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அதன் பின்னரே உருவாயிற்று.

ஆழம் பேசியது, கருவியும் கேட்டது. கேட்டதைக் கரைக்கு ஓடிவந்து சொல்லத்தான் அன்று ஆளில்லை.